ஆரஞ்சு டப்பாவும் டிரெய்லர் க்யூவும்

இன்சுலின் போடுகிற வீட்டில் ஊசி என்றால் யாருக்கும் பயமில்லை. பேனாவைத் திருகி, வயிற்றுத் தோலைப் பிடித்து, ஒரு குத்து. முடிந்ததும் தட்டைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். அதே வீட்டில் டாக்டர் ‘குளுக்ககான் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டு மட்டும் அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொள்ளும். காரணம் எளிது. இன்சுலினை நோயாளி தனக்குத்தானே போட்டுக்கொள்கிறார். குளுக்ககான் தேவைப்படும்போது அவருக்கு நினைவே இருக்காது. கூட இருப்பவர்தான் போட வேண்டும். மனைவியோ மகனோ மச்சினனோ, யார் கிடைக்கிறார்களோ அவர். அந்த வேலையை யாரும் ஆசைப்பட்டு ஏற்றுக்கொள்வதில்லை.

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். அவனுடைய அக்கா வீட்டுக்காரர் எண்ணூர் பக்கம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். இவன் அதே வண்டியில் கிளீனர். நான் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் தெருவில் எந்த மருந்துச் சீட்டும் கடைக்குப் போவதற்கு முன் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அன்றைக்கும் வந்தது.

“அக்கா, இன்னாக்கா இது? மாமாவுக்கு இன்சுலின் போட்டுத்தான் சுகர் எறங்குது. இப்ப சுகர் ஏத்தறதுக்கு ஒரு ஊசியா? அதுவும் நான் போடணுமாம்.”

“உட்காரு. டீ போடறேன். குடிச்சுக்கிட்டே கேளு, அவசரமில்ல.”

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் அந்த மாமாவின் நாள் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். அவர் போடுவது முப்பது–எழுபது. அரசு மருத்துவமனையில் வாங்குகிறவர்களில் பலருக்கும் பழக்கமான கலவை இன்சுலின். அதில் முப்பது பங்கு அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். மீதி எழுபது பங்கு மெதுவாக ஏறி, நாலு மணி நேரத்துக்குப் பிறகு உச்சத்துக்குப் போகும்; அந்த உச்சம் பத்து மணி நேரம் வரைகூட இழுக்கும். காலை ஏழு மணிக்கு ஊசியைப் போட்டு நாலு இட்லி சாப்பிட்டுக் கிளம்புகிறார் என்று வையுங்கள். பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்கு அந்த எழுபது பங்கு நல்ல வேகத்தில் இருக்கும். இந்த வகை இன்சுலினை ஒருமுறை போட்டுவிட்டால் அது உங்கள் வயிற்றைக் கேட்டுக்கொண்டு வேலை செய்யாது. மதியச் சாப்பாடு வந்தே தீர வேண்டும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் க்யூ நிற்பதைப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. துறைமுக கேட்டுக்குள் போக வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். வண்டி ஒரு வண்டி நீளம் நகரும், நிற்கும். இறங்கிப் போய்ச் சாப்பிட்டால் க்யூ போய்விடும். பின்னால் இருப்பவன் ஹாரனை அழுத்துவான். ‘கேட்டுக்குள்ள போய்ட்டு ஒரேயடியா சாப்டுக்கலாம்’ என்று உட்கார்ந்திருக்கிற அந்த நேரத்தில்தான் சுகர் இறங்குகிறது. அந்தக் கேபின் வெயிலில் வேர்க்காதவர் யார்? அதனால் முதல் அறிகுறியான வேர்வையை அவரும் கண்டுகொள்வதில்லை, பக்கத்தில் இருப்பவரும் கண்டுகொள்வதில்லை.

ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் லோ சுகர். 54-க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டிய நிலை. அதற்கும் மேலே ஒரு படி உண்டு. அதற்கு எண்ணே கிடையாது. தானாக எழுந்து சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்ள முடியாமல், இன்னொருவர் கை தேவைப்பட்டால் அதுதான் கடுமையான தாழ்நிலை. மீட்டர் எத்தனை காட்டினாலும் சரி. குளுக்ககான் இந்தக் கடைசிப் படிக்கு உரியது.

இறங்கும்போது உடம்பு சத்தம் போடும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், குடலைப் புரட்டுகிற மாதிரி பசிக்கும், குளிர்ந்த வேர்வை கொட்டும். இதெல்லாம் அட்ரினலின் அடிக்கிற அலாரம். பிரஷருக்கோ நெஞ்சுக்கோ அட்டெனலால், மெட்டோபிரலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்த நடுக்கமும் படபடப்பும் அமுங்கிப் போகும்; வேர்வை மட்டும்தான் மிஞ்சும். வருஷக்கணக்கில் அடிக்கடி லோ ஆனவர்களுக்கு அலாரமே மழுங்கிவிடும். அப்புறம் மூளைக்குச் சர்க்கரை போதாமல் போகும். பேச்சு குழறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும், வீண் சண்டை வரும், நடை தள்ளாடும். அதையும் தாண்டினால் வலிப்பு, மயக்கம்.

பேச்சுக் குழறலும் தள்ளாட்டமும் சண்டையும் சேர்ந்தால் காசிமேட்டிலும் சரி, லாரி ஸ்டாண்டிலும் சரி, ஊர் என்ன சொல்லும்? ‘காலைலயே சரக்கு போட்டுட்டான்யா.’ நல்ல மனசோடு நிழலில் படுக்கவைத்து, ‘தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்’ என்று விட்டுவிட்டுப் போவார்கள். லோ சுகரில் கீழே விழுந்தவருக்கு இதைவிடக் கெடுதல் வேறு கிடையாது. ஒருவேளை அவர் உண்மையிலேயே குடித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிற பழக்கமும் நம்மிடம் போகவில்லை. இரும்பால் அந்த வலிப்பு நிற்காது. சர்க்கரை ஏறினால்தான் நிற்கும். சாவியைத் தேடுகிற நேரத்தில் 108-ஐ அழைத்துவிடலாம்.

“சரிக்கா, சக்கரைத் தண்ணிய வாய்ல ஊத்திட்டா?”

நினைவு இருந்து, சொன்னால் விழுங்குகிற நிலையில் இருந்தால் தாராளமாக. அப்போது ஊசியே வேண்டாம். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை, அதாவது சுமார் 15 கிராம். தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்; ஏறாவிட்டால் இன்னொரு முறை. பால் பேடா, சாக்லேட் எல்லாம் நேரத்துக்கு உதவாது. கொழுப்பு சேர்ந்தது மெல்லத்தான் இறங்கும். இதில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இங்கே நிறையப் பேருக்கு மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை எழுதுகிறார்கள். அதில் வோக்ளிபோஸ் என்று ஒன்று இருக்கும். குடலில் சர்க்கரையை உடைக்கிற வேலையைத் தாமதப்படுத்துவதே அதன் தொழில். அந்த மாத்திரையில் இருப்பவருக்கு டீக்கடைச் சர்க்கரை உடைபட்டு ரத்தத்தில் சேர நேரமாகும். ஏற்கெனவே உடைந்த சர்க்கரையான குளுக்கோஸ் பவுடர்தான் அவருக்குச் சரி. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். வண்டி டேஷ்போர்டில் ஒரு பாக்கெட் கிடக்கட்டும்.

நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. டீ, சோடா, சர்க்கரைத் தண்ணீர் எதுவுமே. விழுங்கத் தெரியாத தொண்டையில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். சுகரில் பிழைத்தவர் அதில் போய்விடலாம். அந்த இடத்துக்கு வந்ததுதான் குளுக்ககான்.

நம் எல்லார் கணையத்திலும் இரண்டு விதமான செல்கள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன. பீட்டா செல் இன்சுலினைச் சுரக்கிறது. ஆல்ஃபா செல் குளுக்ககானைச் சுரக்கிறது. சாப்பிட்டதும் இன்சுலின் சர்க்கரையை ரத்தத்திலிருந்து எடுத்து உள்ளே வைக்கிறது. பசியாக இருக்கும்போது குளுக்ககான் வெளியே எடுத்துக் கொடுக்கிறது. உள்ளே வைக்கிற முக்கியமான இடம் கல்லீரல். தம்பிக்குத் துறைமுகம் தெரியும் என்பதால் அவன் பாஷையிலேயே சொன்னேன். கல்லீரல் ஒரு கன்டெய்னர் யார்டு. சரக்கு உள்ளே அடுக்கி இருக்கிறது. குளுக்ககான் என்பது கேட் பாஸ். பாஸ் வந்ததும் பூட்டைத் திறந்து சரக்கை வெளியே விடுவார்கள். பாஸில் சரக்கு கிடையாது.

“அப்போ யார்டு காலியா இருந்தா?”

பையன் சரியான இடத்தில் கை வைத்தான். குளுக்ககானைப் பற்றி மருந்துக் கடையில் சொல்லாத விஷயம் இதுதான். அந்த ஊசியில் ஒரு துளி சர்க்கரைகூட இல்லை. உடம்பு சேமித்து வைத்ததை எடுத்துக் கொடுக்கச் சொல்லி ஒரு உத்தரவு, அவ்வளவே. வளர்ந்த ஆளின் கல்லீரலில் சுமார் 100 கிராம் சர்க்கரை கிளைகோஜனாக இருக்கும். ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால் அது கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். முந்தின ராத்திரியும் சரியாகச் சாப்பிடாமல், டபுள் டிரிப் அடித்து, காலையில் டீயோடு ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தவருக்கு இருப்பு குறைவு. கல்லீரல் சுருங்கியவருக்கும் குறைவு. குடித்தவருக்கோ இரட்டை அடி. சேமிப்பு தீர்ந்த பிறகும் கல்லீரல் வேறு பொருள்களிலிருந்து புதிதாகச் சர்க்கரை செய்து ஒப்பேற்றும். சாராயத்தைச் செரிக்கிற வேலையில் அந்தத் தயாரிப்பு நின்று போகும். இவர்களுக்கெல்லாம் ஊசி போட்டாலும் பலன் சரிவரத் தெரியாது. நரம்பில் நேரடியாகக் குளுக்கோஸ் ஏற்றித்தான் ஆக வேண்டும். அதனால் ஊசியைக் கையில் எடுக்கிறவர் 108-க்குப் போன் போடாமல் எடுக்கக் கூடாது. ஊசி பலிக்கட்டும், பலிக்காமல் போகட்டும், ஆம்புலன்ஸ் வரட்டும்.

“மாமா உடம்புலயே அது சுரக்குதுன்றீங்க. அப்புறம் எதுக்கு வெளில இருந்து?”

நல்ல கேள்வி. சின்ன வயதில் வருகிற முதல் வகைச் சர்க்கரை நோயில் பீட்டா செல்கள் அழிந்துவிடுகின்றன. ஆல்ஃபா செல்கள் இருக்கின்றன. ஆனால் நோய் வந்த சில வருஷங்களில் அவை லோ சுகரைக் கண்டு பதில் சொல்வதை நிறுத்திவிடுகின்றன. பல வருஷம் இன்சுலினில் இருக்கிற இரண்டாம் வகைக்காரர்களுக்கும் மெல்ல அந்த நிலை வரும். செல் இருக்கிறது, சரக்கும் இருக்கிறது; உத்தரவு மட்டும் வருவதில்லை. ஊசி அதைத்தான் ஈடுகட்டுகிறது.

இது கண்டுபிடிக்கப்பட்ட கதையும் வேடிக்கையானது. 1921-22-ல் டொரான்டோவில் இன்சுலின் வந்ததும் உலகம் முழுக்க ஆராய்ச்சிக்காரர்கள் கணையத்தை அரைத்துச் சாறு எடுக்க ஆரம்பித்தார்கள். ஊசி போட்டால் சர்க்கரை இறங்க வேண்டும். இறங்கியது, ஆனால் சில சாறுகளில் இறங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் ஏறியது. பலர் அதைக் கலப்படம் என்று ஒதுக்கினார்கள். அமெரிக்காவில் ராச்செஸ்டரில் கிம்பலும் மர்லினும் 1923-ல் அந்தக் கலப்படத்தையே தனியாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். ஆனாலும் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 1948-ல், சதர்லாண்டும் டி டூவும் அதைத் தேடிப் பிடித்து, அது கணையத்தில் எங்கிருந்து வருகிறது என்பதை நெருங்கினார்கள். 1953-ல் லில்லி கம்பெனிக்காரர்கள் சுத்தமான படிகமாக எடுத்தார்கள். 29 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி அது. அது கல்லீரல் செல்லுக்குள் எப்படிச் செய்தி அனுப்புகிறது என்று துருவப் போய்த்தான் சதர்லாண்டுக்கு 1971-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்தாக அது முதலில் பழகிய இடங்களில் ஒன்று மனநல மருத்துவமனை. அந்தக் காலத்தில் சில மனநோய்களுக்கு இன்சுலினை அள்ளிப் போட்டு, வேண்டுமென்றே மயக்கத்துக்குக் கொண்டுபோய், பிறகு எழுப்புவது ஒரு வைத்தியமாக இருந்தது. எழுப்புவதற்கு 1950-களின் கடைசியில் குளுக்ககானைப் போட்டுப் பார்த்தார்கள். மூக்கில் குழாய் விட்டுச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவதைவிடச் சுலபமாக இருந்தது. அந்த வைத்தியம் ஒழிந்துபோனது, நல்ல காலம். ஊசி தங்கிவிட்டது. அமெரிக்காவில் 1960-லிருந்து அது முறைப்படி விற்பனைக்கு வந்தது.

ராயபுரத்துக்காரர்களுக்கு இந்த வருஷக் கணக்கில் ஒரு ஒட்டுறவு உண்டு. குளுக்ககான் படிகமானதற்கு மறு வருஷம், 1954-ல், பேராசிரியர் எம். விஸ்வநாதன் இங்கே தன் மருத்துவமனையைத் தொடங்கினார். பொது மருத்துவமனையாக ஆரம்பித்தது 1971-லிருந்து சர்க்கரை நோய்க்கென்றே ஆனது. எம்.வி. டயபடிஸ் மருத்துவமனை என்றால் ஆட்டோக்காரர் வழி கேட்க மாட்டார். சர்க்கரை நோய்க்கு மட்டும் ஒரு ஆஸ்பத்திரியா என்று நாடு கேட்டிருக்கக்கூடிய காலத்தில் இந்தத் துறைமுகப் பேட்டையில் அது நடந்தது. பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையமாகவும் ஆனது. இப்போது இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கு மேல் என்று ஐ.சி.எம்.ஆரின் ஆய்வு 2023-ல் சொன்னது. அத்தனை பேருக்கும் சுகரை இறக்குவதைச் சொல்லிக்கொடுக்கிறோம். விழுந்தால் தூக்குவதை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது என் பழைய புலம்பல். புலம்பல் இருக்கட்டும், டப்பாவுக்கு வருவோம்.

பரவலாகப் புழங்கிய ஒரு கிட் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் டப்பா. திறந்தால் ஒரு பக்கம் ஒரு சின்னக் குப்பி. அடியில் வெள்ளைத் தூள் ஒரு சிட்டிகை. இன்னொரு பக்கம் ஊசி மாட்டிய சிரிஞ்ச். அதில் 1 மில்லி தண்ணீர். தூளாக ஏன் வைத்திருக்கிறார்கள் என்றால் குளுக்ககான் தண்ணீரில் கரைந்தபடி நாள்கணக்கில் நிற்காது, திரிதிரியாகத் திரண்டு கெட்டுவிடும். அதனால் கரைக்கிற வேலை நம் தலையில் விழுகிறது. கீழே ஒருவர் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருக்கும்போது, சுற்றி நாலு பேர் கத்திக்கொண்டிருக்கும்போது.

கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2017-ல் வந்தது. சர்க்கரை நோயாளியைக் கவனித்துக்கொள்கிற 16 பேருக்கு இந்த ஊசியைச் சொல்லிக்கொடுத்து, சில நாள் கழித்து ஒரு பொம்மையைப் படுக்கவைத்துப் போடச் சொன்னார்கள். முழு மருந்தையும் சரியாகப் போட்டவர்கள் 2 பேர். மூக்கில் அடிக்கிற பவுடரைக் கொடுத்தபோது 15 பேர் சரியாகச் செய்தார்கள். இதில் என் வயிற்றைக் கலக்குவது வேறு ஒன்று: பதற்றத்தில் சிலர் குளுக்ககானுக்குப் பதில் இன்சுலினையே போட்டார்கள். பொம்மை என்பதால் உயிர் போகவில்லை.

அந்த மூக்குப் பவுடர் அமெரிக்காவில் 2019-ல் அனுமதி பெற்றது. 3 மில்லிகிராம். மூச்சை இழுக்கக்கூடத் தேவையில்லை, உள்ளே அடித்தால் போதும். கலக்கத் தேவையில்லாத ஊசியும் அதே வருஷம் வந்துவிட்டது. வண்ணாரப்பேட்டை மருந்துக் கடையில் போய்க் கேட்டால் சாதாரணமாகக் கிடைக்கிற சரக்கு அல்ல இவை. பழைய ஊசியையே பல கடைகளில் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது, விலையும் கடிக்கும். பெரிய ஆஸ்பத்திரியோடு ஒட்டிய கடையில் முதலில் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிற ஒரு பொருளுக்கு இப்படி அலைய வேண்டியிருப்பது எனக்கு எரிச்சல்தான்.

தம்பியிடம் காலியான ஒரு குப்பியையும் சிரிஞ்சையும் கொடுத்து வெறும் தண்ணீரில் பழகச் சொன்னேன். குப்பியின் மூடியைக் கட்டை விரலால் தட்டிவிடு. ஊசியின் உறையைக் கழற்று. ரப்பரில் குத்தி, தண்ணீர் முழுவதையும் உள்ளே விடு. ஊசியை வெளியே உருவாதே. குப்பியோடு சேர்த்துப் பிடித்து மெல்லச் சுழற்று. இருமல் மருந்து பாட்டிலைக் குலுக்குகிற குலுக்கல் வேண்டாம், நுரைத்துவிடும். தூள் போய்த் தெளிந்த தண்ணீராக வந்ததும் குப்பியைக் கவிழ்த்து அதே சிரிஞ்சில் இழுத்துக்கொள். கரையாமல் கட்டியாகவோ கூழாகவோ இருந்தால் போடாதே. காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்று. லுங்கியை விலக்கித் தொடையின் வெளிப்பக்கச் சதையில் நேராகக் குத்து. பெரியவர்களுக்கு முழு 1 மில்லி. 25 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குப் பாதி. நரம்பைத் தேட வேண்டாம், தேடவும் கூடாது.

முதல் தடவை ஊசியை உருவிவிட்டான். அடுத்த தடவை தண்ணீரை முழுக்க விடவில்லை. அப்புறம் கை வந்துவிட்டது.

“போட்ட ஒடனே எழுந்துடுவாரா?”

பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும். போட்டதும் ஆளை ஒருக்களித்துப் படுக்க வை. ஏனென்றால் இந்த மருந்து குமட்டும். மல்லாந்து கிடந்து வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போகும். ஊசியைவிட இந்த ஒருக்களிப்பு முக்கியம் என்றுகூடச் சொல்வேன். ஊசி இல்லாதவர்களும் செய்யக்கூடியது இது. மீட்டர் கையில் இருந்தால் விரலில் குத்திப் பார், சில விநாடி வேலை. இல்லாவிட்டால் தேடிக்கொண்டு நிற்காதே. இன்சுலின் போடுகிறவர் நினைவில்லாமல் கிடந்தால் லோ என்றே வைத்துக்கொள். ஒருவேளை சுகர் ஏறித்தான் மயங்கினார் என்றாலும் ஒரு குளுக்ககான் பெரிய கேடு செய்துவிடாது. ஏறியிருக்கும் என்று நினைத்து இன்சுலினைப் போட்டால் ஆள் போய்விடுவார். அட்ரினல் சுரப்பியில் சிலவகைக் கட்டி, இன்சுலின் சுரக்கிற கட்டி உள்ளவர்களுக்கு இந்த ஊசி கூடாது. அது அபூர்வம், அதைப் பார்த்துத்தான் டாக்டர் எழுதுவார்.

டப்பாவை 25 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். சிமென்ட் ஷீட் போட்ட நம் வீடுகளில் மே மாதத்தில் அது நடக்கிற கதையா? ஃப்ரிட்ஜில், முட்டை வைக்கிற கதவுப் பக்கம். ஃப்ரீசரில் போகக் கூடாது. இன்சுலினோடு ஒரே பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். பொம்மைக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிக் கேபினுக்குள் இது தாங்காது. அதனால் டிரெய்லரில் குளுக்கோஸ் பாக்கெட்டும் பிஸ்கெட்டும், வீட்டில் ஊசியும் என்று பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். காலாவதித் தேதியை டப்பாவின் மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பெரிய ஆலைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 500 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்று 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே விதி இருக்கிறது. அந்த அறையில் குளுக்கோஸ் ஊசி மருந்தும் குளுக்ககானும் இருக்கிறதா என்று யூனியன் ஆட்கள் ஒரு வார்த்தை கேட்கலாம். கான்டிராக்ட் ஆட்களில் யார் யார் இன்சுலின் போடுகிறார்கள் என்று சூப்பர்வைசருக்குத் தெரிந்திருப்பது அதைவிட அவசரம். வேலை போய்விடும் என்று மறைக்கிறார்கள். உயரத்தில் ஏறி வெல்டிங் செய்கிறவரும் மறைக்கிறார்.

மாத்திரைக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘எனக்கு ஊசியெல்லாம் இல்லை, வெறும் மாத்திரைதான்’ என்கிறவர்களில் கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடுகிறவர்களும் உண்டு. வயதாகிச் சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் இந்த மாத்திரை உடம்பை விட்டு வெளியேற நாளாகும். லோ ஆகும், சர்க்கரை கொடுத்தால் எழுவார், இரண்டு மணி நேரத்தில் மறுபடி விழுவார். குளுக்ககான் இங்கே முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. அது கணையத்தைத் தட்டி இன்னும் கொஞ்சம் இன்சுலினையும் வரவழைக்கும். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் இவரை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்தில் இருக்கிற வேறு ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போய் ஒரு நாளாவது கண்காணிப்பில் வைக்க வேண்டும். ‘தெளிஞ்சிட்டாரு, வீட்டுக்குப் போலாம்’ என்பதுதான் இதில் அதிகம் நடக்கிற தவறு.

ரம்ஜான் நோன்பு, ஆடி மாத விரதம் எல்லாம் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி அளவை மாற்றிக்கொண்டு செய்ய வேண்டியவை. அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இங்கே எழுதவில்லை.

டீ ஆறிவிட்டிருந்தது. அவன் கடைசியாக ஒன்று கேட்டான்.

“மாமா எழுந்ததும் இன்னா பண்றது? உடனே வண்டிய எடுக்கணும்பாரு. நின்னா டிரிப் காசு போய்டும்.”

“எழுந்து நல்லா முழுங்க ஆரம்பிச்சதும் மொதல்ல சக்கரைத் தண்ணி. அப்புறம் இட்லியோ பன்னோ, வயித்துல நிக்கற மாதிரி. அவர் யார்ட்ல இருந்ததை எல்லாம் இப்பதான் வெளிய எடுத்திருக்கு, மறுபடி ரொம்பறதுக்கு நேரமாகும். அதுக்குள்ள இன்னொரு தடவை விழுந்தா ஊசி இந்த மாதிரி கேட்காது. ராத்திரி இன்சுலினை டாக்டரைக் கேக்காம போட வேணாம்.”

“வண்டி?”

“சாவிய நீ வாங்கி வெச்சுக்க. ஆபீஸுக்குப் போன் போட்டு வேற டிரைவர் அனுப்பச் சொல்லு. திட்டுவாரு. லோ ஆகி எழுந்த ஆளு கொஞ்ச நேரம் அப்படித்தான் சிடுசிடுப்பாரு, திட்டட்டும்.”